மேனேஜரிடம் ‘ஷாபாஷ்’ சொல்லலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மதுரை. நொய்டாவில் ஒரு ஐடி கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பள்ளிக்கூட நாளில் ராஷ்டிரபாஷா பரீட்சை வரை இந்தி படித்திருக்கிறேன். போன வாரம் எங்கள் மேனேஜர் கிளையன்ட் முன்னால் அருமையாகப் பேசி முடித்தார். உற்சாகத்தில் “ஷாபாஷ், மேம்” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேடமும் ஒரு மாதிரி பார்த்தார். என்ன தப்பு செய்தேன்? இங்கே எல்லோரும் பேசுகிற மாதிரி இந்தியில் பாராட்டுவதற்கு எப்படிப் பழகுவது? இன்ஸ்டாகிராமில் ஒருவர் 300 ஸ்லாங் சொற்கள் கொண்ட பிடிஎஃப்பை 499 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: பிடிஎஃப் வாங்காதீர்கள். அதை வைத்து நடக்கிற வியாபாரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் ஷாபாஷ்.

நம் சபாஷும் அந்த ஷாபாஷும் ஒரே பாரசீகச் சொல்தான். ஆனால் நம் ஊரில் கச்சேரி மேடையில் இருக்கும் வித்வானைப் பார்த்தும் சபாஷ் போடலாம். இந்தியில் அது பெரும்பாலும் பெரியவர் சின்னவருக்குச் சொல்வது. வாத்தியார் மாணவனுக்குச் சொல்வார், அப்பா மகளுக்குச் சொல்வார், மேனேஜர் புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்வார். முதுகில் தட்டிக்கொடுக்கிற தொனி அதில் கூடவே வந்துவிடும். அதனால்தான் அந்தச் சிரிப்பு. மேடம் இதற்குள் மறந்திருப்பார். போய் மன்னிப்புக் கேட்டு அதைப் பெரிதாக்க வேண்டாம்.

மேலதிகாரிக்கு மூன்று வாக்கியம் போதும். “பஹுத் படியா, மேம்” (ரொம்ப அருமை). “க்யா பாத் ஹை, மேம்!” (ஆஹா, என்ன அருமை!). “ஆப்னே தோ கமால் கர் தியா” (நீங்கள் அசத்திவிட்டீர்கள்). படியாவில் முதல் எழுத்தை ‘அம்பு’ என்பதில் வரும் ப மாதிரி அழுத்திச் சொல்லுங்கள். மூன்றாவது வாக்கியத்தில் ‘தோ’ என்ற துண்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பாடப்புத்தகத்தைப் பார்த்து வாசித்த மாதிரி இருக்கும். க்யா பாத் ஹை முழுக்கக் குரலில்தான் இருக்கிறது. ‘க்யா’வை இழுத்து, முகம் மலர்ந்து சொன்னால் பாராட்டு. தட்டையாகச் சொன்னால் கிண்டல்.

உங்கள் வயதுக்காரர்களிடம் கொஞ்சம் தாராளமாகப் போகலாம். “ச்சா கயே யார்” (கலக்கிட்டே நண்பா), “மஸ்த் ஹை” (செமயா இருக்கு), “ஏக் நம்பர்” (நம்பர் ஒன்), “சஹீ ஹை பாய்” (சூப்பர்ப்பா) எல்லாம் ஓடும். சாப்பாடு நன்றாக இருந்தால் “மஜா ஆ கயா” (பிரமாதமாக இருந்தது) ஒன்றே போதும். தெருவோரக் கடையிலும் அதுதான், ஐந்து நட்சத்திர ஹோட்டலிலும் அதுதான்.

இனி, தமிழர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். இதைப் பொறுமையாகப் படியுங்கள். “கமால் கர் தியா” என்பதில் கடைசியில் வரும் ‘தியா’ நீங்கள் பாராட்டும் ஆளைப் பொறுத்தது அல்ல. இந்தியில் கமால் ஆண்பால், ஆகவே தியா. எதிரில் இருப்பவர் ஆணோ பெண்ணோ, வாக்கியம் மாறாது. ஆனால் “ஆக் லகா தீ” என்றும் ஒரு பாராட்டு உண்டு, மேடையில் தூள் கிளப்பிவிட்டாய் என்கிற அர்த்தத்தில். ஆக் என்றால் நெருப்பு, பெண்பால். அதனால் ஆணைப் பாராட்டினாலும் ‘தீ’தான், தியா கிடையாது. ‘ச்சா கயே’ மட்டும் ஆளைப் பார்த்து மாறும். ஆணுக்கு ச்சா கயே, பெண்ணுக்கு ச்சா கயீ. இவற்றில் தப்பு வந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போவார்கள். தப்பே வரக் கூடாத ஒன்று இருக்கிறது. பையன்கள் “ஃபாட் தியா” என்பார்கள், கிழித்துவிட்டாய் என்று. நண்பர்களுக்குள் அது சாதாரணம். அதையே வாய் தவறி “ஃபாட் தீ” என்று சொல்லிவிட்டால் உடம்பைப் பற்றிய அசிங்கமான பேச்சாகிவிடும். ஒரு எழுத்துதான் வித்தியாசம். வினைமுடிவு பழகும் வரை அந்தப் பாராட்டைத் தொடாதீர்கள்.

சரி, பிடிஎஃப் விற்பவர்களுக்கு வருகிறேன். இவர்கள் மும்பைப் பேச்சு, கான்பூர்ப் பேச்சு, ஹரியானாப் பேச்சு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடுவார்கள். ‘ஜக்காஸ்’ (அசத்தல்) மும்பைச் சொல். நொய்டா ஆபீஸில் அதைச் சொன்னால் புரியும், ஆனால் பழைய சினிமா வசனம் பேசுகிற மாதிரி இருக்கும். ‘பௌகால்’ உத்தரப் பிரதேசத்துப் பையன்களின் சொல், நம்முடைய கெத்துக்கு ரொம்பப் பக்கம். ‘கதயீ ஜஹர்’ (நேர் அர்த்தம் சுத்த விஷம், பாராட்டாகச் சொன்னால் செம) மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் ஓடுகிறது. யார், யாரிடம், எந்த ஊரில் சொல்வது என்ற விவரம் இல்லாத பட்டியலுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. இதைவிடக் கேவலம், சில பேர் ‘பட்டாக்கா’ (வெடி), ‘மால்’ (சரக்கு) போன்ற சொற்களைப் பெண்களைப் பாராட்டும் சொல் என்று வெட்கமில்லாமல் கற்றுக்கொடுக்கிறார்கள். அவை பாராட்டு அல்ல. ஆபீஸில் சொன்னால் புகார் எழுதிக் கொடுப்பார்கள், கொடுப்பதுதான் நியாயம். அப்புறம் டெல்லிப் பக்கம் இளைஞர்கள் பாராட்டும்போதே அம்மாவையும் தங்கையையும் இழுக்கும் வசவுகளைச் சேர்த்துப் பேசுவார்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், திருப்பிச் சொல்லாதீர்கள். ‘இந்தச் சொல்லைச் சொல், செம ஜோராக இருக்கும்’ என்று பக்கத்து சீட்காரர் சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தால், அதை முதலில் நம்பிக்கையான இன்னொருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் நாம் இந்தி படிக்கிற முறை மேல்தான். சின்னப் பிள்ளைகள் இந்திப் பிரச்சார சபா பரீட்சைகளில் பிராத்மிக்கில் ஆரம்பித்து பிரவீண் வரைக்கும் போகிறார்கள். கபீரின் தோஹா என்கிற ஈரடிப் பாட்டு மனப்பாடம், விடுப்புக் கடிதம் மனப்பாடம், கைடு புத்தகத்தில் இருக்கும் கேள்வி பதில் மனப்பாடம். கையில் சான்றிதழ் இருக்கும், ஆட்டோக்காரரிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல வராது. பாராட்டு என்றால் ‘அதி உத்தம்’, ‘அதி சுந்தர்’ என்று கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். டிவியில் வரும் புராணத் தொடரில் முனிவர் பேசுவது அது. வருஷக்கணக்கில் பணமும் சாயங்காலங்களும் செலவழித்த பிள்ளைக்கு “படியா” என்ற ஒரு சொல்லைச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இலவசம். கேண்டீனிலும் மீட்டிங்கிலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு பாராட்டு காதில் விழுந்தால் முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே சொன்னவர் யார், கேட்டவர் யார் என்றும் குறியுங்கள். “க்யா பாத் ஹை, சர்மா ஜீ” என்று ஒரு ஜூனியர் சீனியரிடம் சொல்லிக் கேட்டீர்கள் என்றால், அது உங்களுக்கும் ஆகும். சீனியர் மட்டுமே சொல்வதாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இந்தி கிரிக்கெட் வர்ணனையும் கேளுங்கள், காது பழகும். ஆனால் அங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஷாபாஷ் போடுவார்கள், அதை மட்டும் ஆபீஸுக்குக் கொண்டு வராதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உடனே தேவைப்படும் ஒன்று. அவர்கள் உங்களைப் பாராட்டினால் என்ன சொல்வது? ‘தன்யவாத்’ வேண்டாம், ஆபீஸில் அது மேடைப் பேச்சு மாதிரி விறைப்பாக இருக்கும். நண்பர் “ச்சா கயே” என்றால் “தேங்க்யூ பாய்” போதும். மேடம் “ஷாபாஷ்” என்றால், சிரித்துக்கொண்டே “தேங்க்யூ மேம், ஆப் ஸே ஹீ சீகா ஹை” என்று சொல்லுங்கள், உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று அர்த்தம்.