முகவரியை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தை, யாரிடம் ஒப்பிக்கலாம்?

கேள்வி: சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று என் 7 வயது மகளுக்கு அப்பா பெயர், வில்லாபுரம் முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். சென்ற வாரம் செல்போன் விளையாட்டில் முகம் தெரியாத யாரோ கேட்க, பள்ளியின் பெயர் உட்பட அத்தனையையும் மளமளவென்று ஒப்பித்துவிட்டாள். இனி எப்படித் தடுப்பது?

பதில்: முதலில், அவளைத் திட்டாதீர்கள். திட்டு விழுந்தால் அடுத்த முறை நடப்பது உங்கள் காதுக்கே வராது. அந்த ஆளின் பெயரும் உரையாடலும் திரையில் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள். வழக்கமாக வருபவரைத் தவிர வேறு யாருடனும் குழந்தையை அனுப்ப வேண்டாம் என்று பள்ளியிலும் வேன் டிரைவரிடமும் சொல்லி வையுங்கள். மிரட்டலோ, படம் அனுப்பச் சொல்லும் பேச்சோ வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. சைபர் குற்றப் புகாருக்கு 1930.

மனப்பாடம் வீண் போகவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தில் கை நழுவினால் அந்த நம்பர்தான் கைகொடுக்கும். விட்டுப்போனது பாடத்தின் மறுபாதி. வழி தவறினால் போலீஸிடம் சொல்லலாம். போனுக்குள்ளிருந்து யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. "தெரியாதவர்களிடம் பேசாதே" என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு நாள் சேர்ந்து விளையாடிவிட்டால், குழந்தைக்கு அவர் தெரிந்தவர்தானே!

இதை நடித்துப் பழக்குங்கள். நீங்களே அந்த ஆளாக மாறி, "நானும் உன் ஸ்கூல்தான், உன் வேன் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேளுங்கள். "அம்மாவைக் கேட்டுத்தான் சொல்வேன்" என்பது மட்டுமே அவள் பதில். பிறகு, "காயின் தருகிறேன், அம்மா போனில் வந்த ஓடிபியைப் படி" என்று ஆசை காட்டுங்கள். முகவரி கேட்டால் உஷாராகும் பிள்ளைகள்கூட டியூஷன் நேரத்தையும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலையும் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். வீட்டைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

விளையாட்டில் வாய்ஸ் சாட்டை அணைத்து, பெயருக்குப் பதில் பட்டப்பெயர் வையுங்கள். கணக்கு தொடங்கும்போது உங்கள் பிறந்த ஆண்டைப் போட்டுக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் அந்தச் செயலி அவளைப் பெரியவளாகவே நடத்தும். குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் தடைகள் வேலை செய்யாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகளே. அவர்களின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வயதை மாற்றிப் போட்டு அந்தக் காவலை நாமே கழற்றிவிடுகிறோம்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைப் பாருங்கள். சீருடையில் பிள்ளை, கழுத்தில் அடையாள அட்டை. பெரிதாக்கினால் பெயர், வகுப்பு, அப்பாவின் போன் நம்பர். அட்டையைக் கழற்றிவிட்டுப் படம் எடுங்கள். போடலாமா என்று அவளையும் கேளுங்கள்; வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.