விருது வாங்காத ஆசிரியருக்கு ஃபெலோஷிப் கிடைக்குமா?

கேள்வி: நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். காகிதத்தை மடித்துப் பின்னம் கற்பிக்கும் முறை ஒன்றை முயன்று வருகிறேன். ஆசிரியருக்கே நேரடியாகப் பணம் தரும் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. ஆனால் விருது எதுவும் வாங்கியதில்லை. எப்படி எழுதுவது?

பதில்: தயங்காமல் விண்ணப்பியுங்கள். விருது என்பது செய்து முடித்த வேலைக்கு. ஃபெலோஷிப் இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு. 2020-இல் மகாராஷ்டிரப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் விருதைப் பெற்றது அவர் அதுவரை செய்த பணிக்காக. அமெரிக்காவின் 'ஃபண்ட் ஃபார் டீச்சர்ஸ்' என்ற அமைப்பு தரும் நல்கை (நிதியுதவி) வேறு வகை. ஆசிரியர் தானே வகுத்த கற்றல் திட்டத்துக்குத் தனியாளுக்கு 5,000 டாலர் வரை, குழுவுக்கு 10,000 டாலர் வரை தருகிறார்கள்.

விண்ணப்பத்தைப் 'புதுமையான கற்பித்தல்' என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். உங்கள் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழையிலிருந்து தொடங்குங்கள். நான்கைவிட எட்டு பெரிது, அதனால் 1/4-ஐவிட 1/8 பெரிது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள் அல்லவா? அதை அப்படியே எழுதுங்கள். ஒரு தாளை நான்காகவும் அதே அளவுள்ள இன்னொன்றை எட்டாகவும் மடித்ததும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் நிற்பவரால் மட்டுமே எழுத முடிகிற வரிகள் இவை. என்னைக் கேட்டால், எந்தச் சான்றிதழையும்விட இவற்றுக்கே எடை அதிகம்.

அப்புறம், பலன் தெரிந்ததா என்பதை எப்படி அறிவீர்கள்? பாடத்துக்கு முன்பு ஒரு சிறு தேர்வு, முடிந்ததும் ஒன்று, சில வாரம் கழித்து இன்னொன்று என மூன்று வைத்தால் போதும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், பாடம் மனதில் தங்கியதா என்பது அதில்தான் தெரியும். சரிவராத பகுதி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யத்தானே பணம் கேட்கிறீர்கள்!

செலவுப் பட்டியலில் பொருள்களை மட்டும் அடுக்காமல் உங்கள் நேரத்துக்கும் இடம் கொடுங்கள். பாடவேளையை விட்டு வெளியே போக வேண்டியிருந்தால், அந்த வகுப்பை யார் எடுப்பார் என்பதையும் குறிப்பிடுங்கள்.

பணம் உங்கள் பெயரில் வந்தாலும் வேலை நடப்பது பள்ளியில். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளின் படமோ விடைத்தாளோ வெளியே போகுமானால் பெற்றோர் ஒப்புதலும் தேவை. தொகைக்கு வரி உண்டா, வாங்கும் கருவிகளும் உருவாக்கும் பாடப்பொருளும் யாருக்குச் சொந்தம் என்பதைக் கையெழுத்திடும் முன்பே நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.