பதினைந்து வயதில் பார்க்கலாமா?

வணக்கம் ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. வரும் சனிக்கிழமை நண்பன் வீட்டில் ஐந்து பையன்கள் இரவு தங்கி ‘சூப்பர்பேட்’ என்ற படத்தைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுமதி கேட்கிறான். ‘ஆர்’ முத்திரை பெற்ற படம் என்பதால் என் கணவர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். மறைவாகப் பார்க்காமல் வந்து கேட்கிறானே என்று எனக்கு மனம் தடுமாறுகிறது. 13 வயது மகளோ, ‘அண்ணன் பார்த்தால் நானும் பார்ப்பேன்’ என்கிறாள். நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கிடைத்த இரவே அந்தப் படத்தை மறுபடி முழுவதுமாகப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் பார்க்கலாம், ஆனால் அவனுக்கு முன்பாக நீங்கள் இருவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும், பிறகு அவனிடம் பேசவும் வேண்டும். மகளுக்கு இப்போது வேண்டாம்.

‘ஆர்’ முத்திரை 17 வயதுக்குக் குறைந்தவர்களைத் தடுப்பதில்லை. பெற்றோரோ பொறுப்புள்ள பெரியவரோ உடன் வர வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதாவது முடிவை உங்கள் கையிலேயே கொடுக்கிறது. பிரிட்டனில் இதே படத்துக்கு 15 வயது என்று வரையறுத்தார்கள். அமெரிக்க முறையில் கெட்ட வார்த்தைகளின் எண்ணிக்கைக்குப் பெரிய இடம் உண்டு. உடலுறவைக் குறிக்கும் கடுஞ்சொல் ஒருமுறை வெறும் வசவாக வந்தால், ‘ஆர்’ஐ விடத் தளர்வான ‘பி.ஜி.-13’ முத்திரை கிடைக்கலாம்; அதற்கு மேல் வந்தால் பொதுவாக ‘ஆர்’தான். இந்தப் படத்தில் அச்சொல் எண்ணி மாளாது. உங்கள் மகன் அதைப் பள்ளி வளாகத்தில் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பான் என்பதால், அதனால் அவன் கெட்டுவிடுவான் என்று நான் அஞ்சவில்லை. என் கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது.

2007இல் கிரெக் மோட்டோலா இயக்கத்தில் வந்த அந்தப் படத்தை எழுதிய சேத் ரோகனும் இவான் கோல்ட்பெர்க்கும் பதின்மூன்று வயதிலேயே அதன் திரைக்கதையை எழுதத் தொடங்கியவர்கள். அதனால்தான் பள்ளிப் பையன்களின் தவிப்பும் வீறாப்பும் அதில் அவ்வளவு உண்மையாக இருக்கின்றன. நண்பர்கள் இருவர், கல்லூரிக்காகப் பிரிவதற்கு முன், ஒரு விருந்துக்கு மது வாங்கிப் போக அலைகிறார்கள். அவர்களில் ஒருவன் தொடக்கத்திலேயே தன் திட்டத்தைச் சொல்கிறான்: பெண்கள் குடித்துவிட்டு யாருடனோ இருந்ததைப் பிற்பாடு தவறு என்று வருந்துவார்களே, அந்தத் தவறாக நாம் இருக்கலாம் என்கிறான். அரங்கம் சிரிக்கும் இடம் அது. படம் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவன், தான் விரும்பும் பெண் போதையில் அழைக்கும்போது தயங்கி நின்றுவிடுகிறான்; திட்டம் போட்டவன் விரும்பும் பெண்ணோ குடிப்பதே இல்லை, அவன் போதையில் நெருங்கும்போது விலக்கிவிடுகிறாள். ஆனால் இவையெல்லாம் வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சிரித்தாகிவிடுகிறது. ஐந்து பையன்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்போது அந்தத் தயக்கம் மனத்தில் தங்குமா, முதலில் கேட்ட வசனம் தங்குமா?

எனக்குப் பதினைந்து வயதில், எங்கள் ஊர்க் கொட்டகையில் ‘ஏ’ முத்திரை பெற்ற ஒரு படத்துக்கு நான்கு பேர் போனோம். டிக்கெட் கிழித்தவர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கதை மறந்துவிட்டது, ஒரு வசனம் மட்டும் நின்றது. மறுநாள் எங்களில் ஒருவன் அதை வகுப்புத் தோழி ஒருத்தியைப் பார்த்துச் சொன்னான். மற்ற மூவரும் சிரித்தோம். அதன்பின் அவள் அந்தத் தெரு வழியே வருவதை விட்டு, வாய்க்கால் கரையைச் சுற்றிப் பள்ளிக்கு வந்தாள். செய்தது என்னவென்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை, ஏனென்றால் நாங்கள் படம் பார்த்ததே ஒருவருக்கும் தெரியாது. உங்கள் மகன் வந்து கேட்டிருக்கிறான் என்பதை நான் மிகப் பெரிதாக மதிப்பது இதனால்தான். மறுத்தால் இந்தப் படத்தை அவன் எப்படியும் பார்த்துவிடுவான், அடுத்த படத்துக்கு உங்களிடம் கேட்க மாட்டான்.

நீங்கள் வாழும் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1992இல், 17 வயதுப் பையனும் 15 வயதுப் பெண்ணும் தொடர்பான ஒரு வழக்கில், உடலுறவுக்குப் பெண் எதிர்க்காமல் இருந்தது போதாது, அவள் விரும்பித் தெளிவாகத் தந்த சம்மதம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் இருந்தவர்கள் உங்கள் மகனின் வயதை ஒட்டியவர்கள். இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல், அவன் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டும் கையுமாகப் பார்க்க வேண்டாம். அந்தக் கூச்சத்தில் அவன் எதையும் கேட்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்து வரும்போது, ‘அந்த அறையில் அவன் ஏன் நின்றுவிட்டான்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பேசுவது எளிதாக இருக்கும். இந்தப் பேச்சைத் தந்தையே தொடங்கினால் இன்னும் நல்லது.

மகளிடம், பெண் என்பதால் மறுக்கவில்லை, வயது காரணமாகத்தான் என்று சொல்லுங்கள். 15 வயது ஆகும்போது அவளுக்கும் இதே அனுமதி உண்டு என்று இப்போதே வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். அந்தப் படத்தில் பெண்களுக்குப் பேச இடமே குறைவு என்பதை அவளே அப்போது எடுத்துச் சொல்லக்கூடும்.

இன்னும் ஒன்று. அந்த வீட்டில் கூடப்போகும் மற்ற நான்கு பையன்களின் வீட்டாருக்கும் இது தெரியுமா என்பதைச் சனிக்கிழமைக்கு முன்பே அந்த நண்பனின் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள்.