விண்மீன் காற்றும் பிராக்சிமா பி கோளும்

கேள்வி: பிராக்சிமா பி கோளில் நீர் திரவமாகவே இருக்கக்கூடும் என்கிறார்களே, அங்கே உயிர்கள் வாழ முடியுமா?

பதில்: வெப்பநிலையை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. 2016-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அந்தக் கோள், சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தொலைவில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்குத் தொலைவிலேயே, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியைச் சுமார் 11 நாட்களுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அவ்வளவு நெருக்கத்தில், விண்மீனிலிருந்து ஓயாமல் வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமாகிய விண்மீன் காற்று, பூமியை வந்தடையும் சூரியக் காற்றைவிடப் பன்மடங்கு அழுத்தத்துடன் மோதும் என்றே கணிக்கிறார்கள்.

அதன் விளைவைச் செவ்வாயில் காணலாம். அதன் மேல்வளிமண்டலத்திலிருந்து சூரியக் காற்று நொடிக்குச் சுமார் 100 கிராம் வளியைப் பறித்துச் செல்வதாகவும், சூரியப் புயல்களின்போது இந்த இழப்பு பெரிதும் கூடுவதாகவும் நாசாவின் மேவன் விண்கலத்தின் அளவீடுகள் 2015-இல் காட்டின. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்தால் வளிமண்டலமே மெலிந்துவிடும்.

இந்தத் துகள்களைத் திசைதிருப்பி வளிமண்டலத்தைக் காக்கக் கோளுக்குக் காந்தப்புலம் இருந்தால் போதும் என்று பலரும் எழுதுகிறார்கள். அதை நான் முழுமையாக ஏற்க மாட்டேன். உள்ளிருந்து எழும் காந்தப்புலம் இல்லாத வெள்ளிக்கோள், பூமியினுடையதைப் போல் சுமார் 90 மடங்கு அழுத்தமுள்ள வளிமண்டலத்தை இன்றும் தக்கவைத்திருக்கிறதே! எரிமலைகள் புதிதாக எவ்வளவு வளியை வெளியிடுகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிராக்சிமா பி நம் பார்வைக் கோட்டில் தன் விண்மீனுக்குக் குறுக்கே கடப்பதாகத் தெரியவில்லை என்பதால், வளிமண்டலத்தின் ஊடே வரும் விண்மீன் ஒளியைக் கொண்டு அதை ஆராய வழியில்லை; ஆகவே அதன் வளிமண்டலத்தை ஆராய்வது கடினமாகவே இருக்கிறது.