பி.எஸ்சி. வேதியியல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளஸ்டூவில் உயிரியல் பிரிவு படித்தேன், கணிதம் இல்லை. பி.எஸ்சி. வேதியியல் கிடைக்குமா? சேர்ந்தால் சமாளிக்க முடியுமா? (மாணவி, விருதுநகர்)

பதில்: கிடைக்கும். பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகள் வேதியியல் படித்திருந்தால் போதும் என்றே சேர்க்கின்றன. சிரமம் இயற்பிய வேதியியலில் வரும். வினைவேகவியலில் தொகையிடல், வெப்ப இயக்கவியலில் பகுதி வகையிடல், பி.எச். கணக்கில் மடக்கை என்று கணிதம் எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்காகக் கணிதப் பிரிவு முழுவதையும் படிக்கத் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் இரண்டாம் தொகுதியில் உள்ள வகையிடலையும் தொகையிடலையும் முதல் செமஸ்டர் விடுமுறைக்குள் போட்டுப் பார்த்துவிடுங்கள். வரைபடத்தில் நேர்கோட்டின் சாய்வு கண்டுபிடிக்கவும் பழகிக்கொள்ளுங்கள், ஆய்வகத்தில் அடிக்கடி தேவைப்படும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பி.எஸ்சி. முடித்தவர்கள் நேரடியாக பி.இ., பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. ஆனால் அதற்குப் பிளஸ்டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். எம்.எஸ்சி.க்கும் சில உயர் கல்வி நிறுவனங்கள் அதே நிபந்தனையை வைக்கின்றன.

கேள்வி: இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது (டைட்ரேஷன்) ஒருமுறை 19.4 மி.லி., மறுமுறை 20.3 மி.லி. வருகிறது. ஒருதரம் குடுவையே பழுப்பாகிவிட்டது. எங்கே தவறுகிறேன்? (மாணவர், பெரம்பலூர்)

பதில்: பழுப்பிலிருந்தே தொடங்கலாம். அமிலம் போதுமான அளவு இருந்தால் பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நிறமற்ற மாங்கனீசு அயனியாக மாறும். அமிலம் குறைந்தால் மூன்றோடு நின்றுவிடும். அப்போது வருவதுதான் பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடு. 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் (2 நார்மல் செறிவு) ஊற்றுங்கள். அதற்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யும், அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி என்பதால் அளவு குறையும்.

அடுத்தது சூடு. 60 முதல் 70 டிகிரி வரை போதும். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையும். 19.4 வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சூடு பற்றாவிட்டால் வினை மெதுவாக நடக்கும், போகாமல் நிற்கும் நிறத்தை வினை முடிந்த முடிவுநிலை என்று நினைத்து நிறுத்திவிடுவீர்கள். நடுவில் குடுவை ஆறினால் மறுபடி சூடாக்கலாம், தவறில்லை.

முதல் சில துளிகளில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முதல் துளியின் நிறம் போகச் சில விநாடிகள் ஆகும். காத்திருங்கள். மாங்கனீசு அயனி கொஞ்சம் உண்டானதும் அதுவே வினையூக்கியாகி வினையை வேகப்படுத்தும், பிறகு தாராளமாக விடலாம். தொடக்கத்திலேயே மளமளவென்று விட்டாலும் பழுப்பு வரும்.

பியூரெட்டைப் பெர்மாங்கனேட்டாலும் பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலத்தாலும் அலச வேண்டும். கூம்புக் குடுவைக்கு வடிநீர் மட்டும்தான். அதையும் ஆக்சாலிக் அமிலத்தால் அலசினால் ஒட்டியிருப்பதும் கணக்கில் சேர்ந்து 20.3 வரும். கரைசல் அடர்நிறமாக இருப்பதால் பியூரெட்டில் திரவ மட்டத்தின் கீழ்வளைவு கண்ணுக்குத் தெரியாது. மேல் விளிம்பைப் பாருங்கள், ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் அதையே பாருங்கள். புனலை எடுத்துவிட்டு, முனையில் காற்றுக்குமிழி இல்லையென்று உறுதி செய்தபிறகு அளவெடுங்கள். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவுநிலை. இரண்டு அளவுகளுக்கு இடையே 0.1 மி.லி.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது முறை செய்யுங்கள். சராசரி எடுத்து ஒப்பேற்றாதீர்கள்.

எடை போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறோம். 250 மி.லி.யில் 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலத்துக்கு 1.576 கிராம் வேண்டும். தராசில் 1.612 கிராம் வந்துவிட்டால், சுரண்டிச் சுரண்டிக் குறைக்க வேண்டாம். 1.612-ஐ 4-ஆல் பெருக்கி (ஒரு லிட்டருக்கான எடை), சமான எடையான 63.03-ஆல் வகுத்தால் 0.1023. அதையே உங்கள் கரைசலின் நார்மாலிட்டி என்று எழுதிக் கணக்கைத் தொடருங்கள். வேலைக்குப் போகிற இடத்திலும் இப்படித்தான் செய்வார்கள்.

கேள்வி: மகள் மூன்றாம் ஆண்டு வேதியியல். மருந்து கம்பெனியில் 'கியூ.சி.' வேலை கிடைக்கும் என்கிறார்கள். அது என்ன வேலை? நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? (தந்தை, கடலூர்)

பதில்: கியூ.சி. என்பது தரக் கட்டுப்பாடு. உள்ளே வரும் மூலப்பொருளும் வெளியே போகும் மாத்திரையும் குறிப்பிட்ட தரத்தில் இருக்கின்றனவா என்று சோதித்து எழுதும் வேலை. பி.எச்., ஈரப்பதம் காணும் கார்ல் ஃபிஷர், மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்ற சோதனை, புற ஊதா ஒளியால் அளவு காணும் யு.வி., கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. ஆகியவை அன்றாடம் கையில் புழங்கும்.

புதிதாகச் சேர்பவர்கள் கருவியைவிடப் பதிவேட்டில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். எடை பார்த்த அந்த நிமிடமே பேனாவால் பதிவேட்டில் எழுத வேண்டும், துண்டுச்சீட்டில் எழுதிப் பிறகு பார்த்தெழுதக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் பழைய எண் தெரியும்படி ஒற்றைக்கோடு போட்டு, சரியானதை எழுதி, காரணம், கையெழுத்து, தேதி இட வேண்டும். வெள்ளை மை பூசி அழிப்பது பெரிய குற்றம். கல்லூரி ரெக்கார்டு நோட்டில் 'சரியான விடை'க்கு ஏற்ப அளவை மாற்றி எழுதும் பழக்கம் இருந்தால், மகளை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவர் விழுங்கப்போகும் மருந்து அது.

நேர்முகத்தில் பெரிய கோட்பாடுகளைவிடக் கரைசல் தயாரிப்பைத்தான் துருவுவார்கள். 'சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டே துல்லியமான 0.1 நார்மல் கரைசல் செய்யலாமா?' என்பது தவறாமல் வரும். முடியாது. அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 4 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டைக் கொண்டு தரப்படுத்த வேண்டும். ஒரு லிட்டர் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அடர் அமிலம் சுமார் 8.5 மி.லி. கந்தக அமிலம் என்றால் சுமார் 2.8 மி.லி., அதுவும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்.

எச்.பி.எல்.சி. பற்றிக் கேட்டால், நகரும் கரைசலை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிக் காற்று நீக்கியே பயன்படுத்த வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் பாஸ்பேட் பஃபரை (பி.எச். மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல்) 'காலம்' (column) எனும் பிரிப்புக் குழாயில் அப்படியே விடக் கூடாது. நேராக அசிட்டோநைட்ரைல் எனும் கரிமக் கரைப்பானையும் விடக் கூடாது. உப்பு படிந்து அழுத்தம் எகிறும். முதலில் தண்ணீர் மிகுந்த கலவையால் கழுவி, பிறகுதான் கரிமக் கரைப்பானுக்குப் போக வேண்டும். 'காலம்' விலை உயர்ந்தது, அதனால் இந்தப் பதிலைக் கூர்ந்து கவனிப்பார்கள்.

மருந்து மட்டுமே வழி என்று இருந்துவிடாதீர்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சாய ஆய்வகமும் கழிவுநீர் சுத்திகரிப்பும், ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகள், மணலியின் பெட்ரோலிய ஆலைகள், குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்கள் எல்லாவற்றிலும் வேதியியல் பட்டதாரிக்கு இடம் உண்டு. அனுபவம் கேட்கிறார்கள் என்றால் 'நாட்ஸ்' எனும் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் ஓராண்டு உதவித்தொகையோடு பழகலாம். வேலை வாங்கித்தர முன்பணம் கேட்பவரிடமும் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பவரிடமும் எதையும் கொடுக்காதீர்கள். இரவு ஷிப்ட் உண்டா, வண்டி வருமா என்று சேருமுன்னே கேளுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி.யை ஐ.ஐ.டி.யில் படிக்க ஆசை. எங்கள் கல்லூரிப் பாடமே போதுமா? (மூன்றாம் ஆண்டு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், கேட்கிற விதம் வேறு. ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான நுழைவுத் தேர்வான 'ஜாம்' பிப்ரவரியில் நடக்கும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரே விடை கொண்ட 30 கேள்விகளில் மட்டும் தவறுக்கு மதிப்பெண் குறைப்பார்கள். பல விடை கொண்ட 10 கேள்விகளுக்கும், எண்ணை விடையாக எழுதும் 20 கேள்விகளுக்கும் குறைப்பு இல்லை. ஆகவே அந்த 20-ஐ விடவே கூடாது. இயற்பிய வேதியியல் கணக்கைத் தினமும் நேரம் வைத்துப் போட்டால் கைகூடும். கரிம வேதியியலில் வினைவழிமுறையை அம்புக்குறியோடு எழுதிப் பழகுங்கள், பெயர் வினைகளை மனப்பாடம் செய்வது மட்டும் இந்தத் தேர்வில் போதாது. இதே மதிப்பெண்ணை வைத்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும், திருச்சி என்.ஐ.டி.க்கும் விண்ணப்பிக்கலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்குத் தனியாக 'க்யூட்' எனும் பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளை எழுத வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. வேதியியலை வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முடியாது. விதிப்படி வேதியியலில் முதுநிலைப் பட்டம் வேண்டும். எம்.எஸ்சி. முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.