ஒட்டுவதும் கழற்றுவதும்: உட்கருவுக்குள் பாஸ்பேட்

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன் மேடம். பாஸ்பாரிலேற்றம் என்றால் புரதத்தில் பாஸ்பேட் சேர்வது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

பதில்: வேதியியல் அவ்வளவுதான் தம்பி. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டைக் கைனேஸ் என்ற நொதி எடுத்து, புரதத்திலுள்ள செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒட்டுகிறது. பாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதி வந்து அதைக் கழற்றுகிறது. பாஸ்பேட்டுக்கு எதிர் மின்சுமை அதிகம். அது வந்து உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறலாம், யாரோடு சேரும் என்பதும் மாறலாம். மனித செல்களுக்கு 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. 1950-களின் நடுவில் தசையிலுள்ள ஒரு நொதியில் இதைக் காட்டிய ஃபிஷரும் கிரெப்ஸும் நோபல் பரிசுக்கு 1992 வரை காத்திருந்தார்கள்.

கேள்வி: செல் பிரியும்போது உட்கருச் சவ்வு காணாமல் போகிறதே, எங்கே போகிறது?

பதில்: சவ்வின் உட்புறத்தில் லாமின் என்ற புரத இழைகள் வலை மாதிரி பின்னிக்கிடக்கும். சிடிகே1 என்ற கைனேஸ் லாமினில் பாஸ்பேட் ஒட்டியதும் பின்னல் அவிழ்கிறது. லாமின் ஏ-யில் 22, 392-ஆவது செரின்கள் இதற்கு முக்கியமானவை. பிடிமானம் போன சவ்வு எண்டோபிளாச வலைக்குள் கலந்துவிடும். பிரிந்து முடிந்ததும் பாஸ்படேஸ்கள் அதைக் கழற்ற, லாமின் மறுபடி கோத்துக்கொள்கிறது.

கேள்வி: பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு அக்கா. டிஎன்ஏ சுற்றியிருக்கும் எச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறிய வடிவமான காமா எச்2ஏஎக்ஸைப் பார்க்க, மூன்று முறை வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) ஓட்டிவிட்டேன். மொத்த எச்2ஏஎக்ஸ் பளிச்சென்று வருகிறது. பாஸ்போ பேண்ட் மட்டும் மங்கல், பின்னணியும் அழுக்கு. கதிர்வீச்சு கொடுத்து மறுநாள் செல்களை எடுத்தேன், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் பால் பவுடரில் பிளாக் செய்தேன். பாஸ்படேஸைத் தடுக்க வனடேட்கூடச் சேர்த்திருந்தேன்.

பதில்: மொத்தப் புரதம் நன்றாக வருவதால் பிரித்தெடுப்பில் குறையில்லை. நேரத்தில்தான் முதல் சந்தேகம். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுந்தால், ஏடிஎம் என்ற கைனேஸ் சில நிமிடங்களிலேயே எச்2ஏஎக்ஸின் 139-ஆவது செரினில் பாஸ்பேட் ஒட்ட ஆரம்பித்துவிடும். அறுந்த இடத்தோடு நிற்காமல் அக்கம்பக்கத்தில் பத்து லட்சம் டிஎன்ஏ காரங்களுக்கு (எழுத்துகளுக்கு) மேலும் பரவும். அரை மணி நேரத்தில் உச்சம். மறுநாளுக்குள் பெரும்பாலான அறுப்புகளை செல் சரிசெய்து, அடையாளத்தையும் துடைத்திருக்கும். அரை மணியில் ஒரு தட்டு எடுத்துப் பாரும்மா.

அடுத்தது வனடேட். அது முக்கியமாக டைரோசின் பாஸ்படேஸ்களைத் தடுக்கும். உன்னுடையது செரின். சோடியம் ஃபுளூரைடும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் சேர்க்காவிட்டால், செல்லை உடைத்த நிமிடத்திலிருந்து குழாய்க்குள்ளேயே பாஸ்பேட் கழன்றுகொண்டிருக்கும். ஐஸை விட்டு எடுக்காதே.

அப்புறம் அந்தப் பால் பவுடர். பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். சில பாஸ்போ ஆன்டிபாடிகளுக்குப் பின்னணி அழுக்காக அதுவே காரணம். நானும் ஒரு மாதம் பால் பவுடரோடு மல்லுக்கட்டி, ஆன்டிபாடியைத் திட்டிவிட்டு, கடைசியில் பிஎஸ்ஏ என்ற மாட்டு ரத்தப் புரதத்துக்கு மாறினேன். சரி, பேண்ட் வந்த பிறகும் உடனே நம்பிவிடாதே. அதே செல்களில் ஒரு பங்கைத் தடுப்பான்கள் இல்லாமல் உடைத்து, லாம்டா பாஸ்படேஸ் போட்டு ஓட்டு. அந்த லேனில் பேண்ட் மறைந்தால்தான் நீ பார்த்தது பாஸ்பேட்.

கேள்வி: பாஸ்பரஸ் அதிகமுள்ள உணவு சாப்பிட்டால் இதெல்லாம் கூடுமா?

பதில்: இல்லைங்க. செல்லுக்குள் ஏடிபிக்குப் பஞ்சமில்லை. எதில், எப்போது ஒட்டுவது என்பது கைனேஸின் கையில் இருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். டாக்டர் பால்போசிக்லிப் எழுதியிருக்கிறார். 'சிடிகே 4, 6 தடுப்பான்' என்றார். இதற்கும் உட்கருவுக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு. உட்கருவில் ஆர்பி என்ற புரதம், டிஎன்ஏ நகலெடுப்புக்கு வேண்டிய ஜீன்களை இயக்கும் இ2எஃப்-ஐ இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். சிடிகே 4-உம் 6-உம் ஆர்பியில் பாஸ்பேட் ஏற்றினால் பிடி தளர்ந்து செல் பெருகும். ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றில் இந்த வழி மிகவும் பயன்படுகிறது. இந்த மாத்திரை, கைனேஸில் ஏடிபி உட்காரும் குழியை அடைத்துவிடும். அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்த மருந்து இது. எலும்பு மஜ்ஜை செல்கள் பெருகவும் இதே கைனேஸ்கள் வேண்டும் என்பதால் வெள்ளை அணுக்கள் குறையும். மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்துவதும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்வதும் அதனால்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பாஸ்பேட் ஒட்டினால் புரதம் ஆன், கழற்றினால் ஆஃப். சரிதானே?

பதில்: இதை எழுதாத கையேடு அரிது, எனக்கோ பிடிக்காத உவமை. மேலே சொன்ன ஆர்பியையே பாருங்கள்: பாஸ்பேட் ஏறினால் அதன் வேலை நின்றுபோகிறது. ஜீனைப் படித்து ஆர்என்ஏ எழுதும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 இன்னும் சுவாரஸ்யம். மனிதனில் அதன் வால், ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட தொடர் 52 முறை திரும்பத் திரும்ப வந்து உருவானது. ஜீனின் தொடக்கத்தில் சிடிகே7 அந்தத் தொடரின் ஐந்தாவது இடத்துச் செரினில் ஒட்டும். ஆர்என்ஏவுக்குத் தொப்பி போடும் நொதிகள் அதைப் பார்த்து வந்து சேரும். பாலிமரேஸ் நகர நகர, சிடிகே9 போன்றவை இரண்டாவது இடத்துச் செரினில் ஒட்டும். ஆர்என்ஏவின் கடைசி முனையை வெட்டி முடிக்கும் புரதங்கள் அதைத் தேடி வரும். ஜீன் முடிந்ததும் பாஸ்படேஸ்கள் வாலைத் துடைத்துவிட்டால்தான் பாலிமரேஸ் இன்னொரு ஜீனின் வாசலில் போய் நிற்க முடியும்.