வாசகர் கேள்வி பதில்: தோட்டத்து ஆறும் சோதனைப் போத்தலும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்து வாசகர்களுடையவை.

கேள்வி: தோட்டத்துக்குள் ஓடும் ஆற்றில் செம்பனை ஆலைக் கழிவு கலக்கிறதா என்று மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறோம். “அத்துமீறல், போலீசில் புகார் கொடுப்பேன்” என்கிறார் மேனேஜர். எங்களுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

ஒரு போத்தல் தண்ணீருக்கு லைசென்ஸ் தேவையில்லை. நீங்கள் ஆற்றுக்குப் போகும் வழியில்தான் சிக்கல். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் ஆறும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. ஓடும் ஆறு தோட்டத்தின் சொத்தாகாது. ஆனால் கேட்டிலிருந்து கரை வரையுள்ள செம்மண் பாதை தோட்டத்தின் கிராண்டுக்குள், அதாவது நிலப் பட்டாவுக்குள், இருந்தால், ‘வராதே’ என்று சொல்ல மேனேஜருக்கு உரிமை உண்டு.

அதற்காக உடனே குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். குற்றவியல் சட்டம் 441-ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு கொடுக்கவோ எண்ணி நுழைந்தால்தான் குற்றம். அதற்கு 447-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 3,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். சிவில் வழக்குப் போட இந்த எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. வெளியே போகச் சொன்ன பிறகும் நின்று வாக்குவாதம் செய்வது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

ஆற்றோர ஒதுக்கு நிலம் இருக்கிறதே என்பீர்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ் வழிகாட்டியின்படி 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் அகல ஆற்றுக்கு 10 மீட்டர், 40 மீட்டரைத் தாண்டினால் 50 மீட்டர். வழிகாட்டி வேறு, அரசிதழில் பதிவானது வேறு. பதிவாகியிருக்கிறதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு வாதாடுங்கள்.

இத்தனை தலைவலி வேண்டாம் என்றால் பொதுச் சாலைப் பாலத்தின் மேல் நின்று கயிறு கட்டிய வாளியை இறக்குங்கள். ஆற்றோட்டத்தில் ஆலைக்கு மேலே ஒரு பாலம், கீழே ஒரு பாலம் கிடைத்துவிட்டால் மேனேஜர் முகத்திலேயே விழிக்க வேண்டாம். ‘கவாசான் லாராங்கான்’ (தடை செய்யப்பட்ட பகுதி) என்ற சிவப்புப் பலகை உள்ள நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் நெருங்காதீர்கள். அது 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட இடம்.

கேள்வி: தண்ணீர் கறுப்பாக ஓடுகிறது, பிஎச் (புளிப்பு அளவு) 4 காட்டுகிறது, அமோனியாவும் அதிகம். ஆலை மீது வழக்குப் போட இது போதாதா?

போதாது. நீங்கள் சொன்ன மூன்றுக்கும் வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

நிறத்தை முதலில் விட்டுவிடுங்கள். முறையாகச் சுத்திகரித்த செம்பனை ஆலைக் கழிவுநீரும் பழுப்பாகவே வெளிவரும். ராஜா மூசா பக்கத்துக் கரிச்சதுப்பு நிலத் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கும், பிஎச் 3, 4 என்று இயற்கையாகவே இறங்கும். பழைய ஈயச் சுரங்க மண்ணிலும் புளிப்பு உண்டு. ஆலைக் கழிவுக்கு 1977-ஆம் ஆண்டு விதிகள் வைத்த எல்லை பிஎச் 5 முதல் 9 வரை. பிஓடி, அதாவது நுண்ணுயிர்கள் தின்னும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 100 மில்லிகிராம். இது ஆலையின் வெளியேற்றுக் குழாய்க்கான எல்லை, ஆற்றுக்கானது அல்ல. ஆற்றில் பிஓடி 30 காட்டினாலும் ஆலை விதியை மீறியது என்று சொல்ல முடியாது, மீறவில்லை என்றும் சொல்ல முடியாது.

அமோனியா உரம் போட்ட வாரத்தில் மழை பெய்தாலும் ஏறும், மலத்தொட்டி கசிந்தாலும் ஏறும். மீன் தொட்டிச் சோதனைக் கிட்டில் இன்னொரு வில்லங்கம்: சில கிட் அமோனியாவாகக் காட்டும், அரசின் ஆற்றுநீர்த் தரப் பட்டியலோ நைட்ரஜனாகக் கணக்கிடும். அப்படி அமோனியாவாகக் காட்டும் கிட்டின் எண்ணை 0.82-ஆல் பெருக்கிய பிறகே, அந்தப் பட்டியலில் இரண்டாம் வகுப்பு ஆற்றுக்கு உள்ள லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் எல்லையோடு ஒப்பிடுங்கள்.

எனவே எப்போதும் ஜோடியாக எடுங்கள், ஆலைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள். இரண்டும் ஒரேபோல இருந்தால் ஆலை காரணமில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கரைந்த ஆக்சிஜன் விடியும் முன் மிகக் குறைவு, பிற்பகலில் அதிகம். ஒரு மாதம் காலை, மறுமாதம் மாலை என்று அளந்தால் அந்த எண்கள் ஒன்றுக்கும் உதவாது.

பிஓடி போத்தலை ஆற்று நீரால் மூன்று முறை அலசி, காற்றுக் குமிழி இல்லாமல் வாய் வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் இருட்டில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ‘ஸாம்’ என்ற தேசிய ஆய்வகத் தர அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சேருங்கள். எண்ணெய்ச் சோதனைக்கு முறை நேரெதிர்: கண்ணாடிப் போத்தல், அலசவே கூடாது. எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அலசினால் அதையே கொட்டிவிடுவீர்கள், பிளாஸ்டிக்கிலோ ஒட்டியது திரும்பி வராது.

இத்தனை செய்தாலும், வழக்குக்கு நிற்பது சுற்றுச்சூழல் துறை அதிகாரி தானே எடுத்து முத்திரையிட்ட மாதிரிதான். உங்கள் வேலை அதிகாரியை நேரத்தோடு வரவைப்பது. கழிவு இரவு 2 மணிக்குத் திறக்கப்பட்டால் விடிந்தபின் ஆற்றில் தடயம் இருக்காது. இடம், நேரம், ஜிபிஎஸ் எண், இரு புள்ளிகளின் அளவுகள் ஆகியவற்றோடு அப்போதே 1-800-88-2727 எண்ணுக்கு அழைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலாங்கூரில் லுவாஸுக்கும் சொல்லுங்கள். 1999-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி ஆற்றைக் கவனிக்கும் வாரியம் அது. கூட்டரசின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில், 2024 ஜூலை 7 முதல் ஆற்றைக் கெடுத்ததற்கான அபராதம் 1 கோடி வெள்ளி வரை போகலாம்.

கேள்வி: ஆலைக்குக் கொடுத்த லைசென்ஸைப் பார்க்க முடியுமா?

சிலாங்கூரில் 2011-லும் பினாங்கில் 2010-லும் தகவல் சுதந்திரச் சட்டம் வந்தது. லுவாஸிடம் உள்ளதை அதன்படி கேட்கலாம். சுற்றுச்சூழல் துறை கூட்டரசைச் சேர்ந்தது, மாநிலச் சட்டம் அதைத் தொடாது. பலர் மனுவைத் தவறான மேசைக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்தில் எழுத வேண்டும், கவனமாக எழுதுங்கள். வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் சிக்குவது நீங்கள். காற்று மாசுக் குறியீட்டையே 2005 ஆகஸ்டு வரை ரகசியமாக வைத்திருந்த நாடு இது; இந்த அளவுக்காவது கதவு திறந்திருக்கிறது.

கேள்வி: என் மகன் ஆலையில் வேலை செய்கிறான். கழிவைத் திறந்துவிடும் படத்தை முகநூலில் போடலாமா?

வேண்டாம் தாயே. 2010-ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் துறையிடம் சொன்னவரைத்தான் காக்கும். முகநூலில் போட்டவரை அல்ல. வால்வைத் திறந்த கை மகனுடையதே என்றால் அந்தப் பாதுகாப்பும் பறிபோகலாம், முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். ஆலையின் பெயரைப் போட்டு ‘விஷம் கலக்கிறார்கள்’ என்று எழுதினால் 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் காத்திருக்கிறது. குழுவின் பக்கத்தில் இடம், நேரம், அளவு மட்டும் போடுங்கள், காரணத்தை அதிகாரி சொல்லட்டும்.

கேள்வி: டிரோன் பறக்கவிடலாமா?

விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அனுமதி வேண்டும், உயரம் 400 அடிக்கு மேல் கூடாது. வானிலிருந்து படம் எடுக்க நில அளவை வரைபடத் துறையான ஜூப்பெம் அனுமதி தனி. மாதச் சோதனைக்கு இந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள். ஆற்றுக்குப் பாலமே போதும்.